செல்போன் காப்பீடு: கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

வேலூரில் எந்தக் கடையில் செல்போன் வாங்கினாலும், பில் போடும் நேரத்தில் "கூட ஆயிரத்து ஐந்நூறு கட்டிவிடுங்கள் சார், ஒரு வருடத்துக்குக் கவலையில்லை" என்ற பேச்சு வந்தே தீரும். அங்கேயே நின்றபடி முடிவெடுக்க வேண்டியதில்லை. வாங்கிய சில நாட்களுக்குள் சேரவும் பல திட்டங்கள் இடம் கொடுக்கின்றன.

முதலில், விற்கப்படுவது என்ன என்று கேளுங்கள். நீட்டிக்கப்பட்ட வாரண்டி என்றால் அது தயாரிப்புக் குறைக்கு மட்டுமே பொறுப்பேற்கும். கீழே விழுந்த போனுக்கும் தண்ணீரில் நனைந்த போனுக்கும் பொதுவாக உதவாது. காப்பீடு என்றால் பாலிசித் தாளில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும், காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையம் அதற்குத் தந்த பதிவு எண்ணும் இருக்கும். இவை இல்லாத "பாதுகாப்புத் திட்டம்" பெரும்பாலும் வெறும் சேவை ஒப்பந்தம்தான். தகராறு வந்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது, நுகர்வோர் ஆணையத்தைத்தான் நாட வேண்டும்.

அடுத்தது கணக்கு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து, உங்கள் மாடலுக்கு டிஸ்பிளே மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உதாரணமாக, 18,000 ரூபாய் போனுக்கு டிஸ்பிளே 5,500 ரூபாய், ஆண்டுப் பிரீமியம் 1,500 ரூபாய், ஒவ்வொரு க்ளெய்முக்கும் நாம் கட்ட வேண்டிய பங்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை உடைந்தால் நமக்கு மிச்சமாவது 5,000 ரூபாய். ஆகவே 40 மாதங்களுக்கு ஒரு முறையாவது டிஸ்பிளேயை உடைப்பவருக்குத்தான் கட்டிய பணம் திரும்பி வரும். உறை போட்டு, கண்ணாடி ஒட்டி, பத்திரமாக வைத்திருப்பவர் அந்த 1,500 ரூபாயை வங்கியில் தனியாகப் போட்டு வைப்பதே மேல். பத்தாயிரத்துக்குக் குறைந்த போனுக்குக் காப்பீடு தேவையே இல்லை என்பது என் கருத்து. மாறாக, நாள் முழுவதும் பைக்கில் டெலிவரிக்கு ஓடுபவரும், டிஸ்பிளேக்கு மட்டும் இருபதாயிரம் கேட்கும் விலையுயர்ந்த போனைத் தவணையில் வாங்கியவரும் கட்டத்தான் வேண்டும்.

கட்டுவதென்று முடிவானால், விலக்குகள் உள்ள பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் எப்படிப் போனதென்றே தெரியாமல் தொலைந்த போனுக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை; பூட்டை உடைத்தோ பலவந்தமாகவோ திருடியிருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் கிடைக்கும் சி.எஸ்.ஆர். ரசீது போதுமா, எஃப்.ஐ.ஆர். நகல்தான் வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம்மூர் மே மாத வெயிலில் வண்டியின் டேங்க் கவரில் கிடந்து உப்பிப்போகும் பேட்டரியைத் தேய்மானம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். போனின் வயதுக்கேற்ப இழப்பீட்டுத் தொகை குறையும் என்பதையும் கவனியுங்கள்.

காலக்கெடு இன்னும் முக்கியம். பாலாற்றுப் பாலத்தின் மேல் பைக்கில் போகும்போது என் போன் சட்டைப் பையிலிருந்து விழுந்து நொறுங்கியது. ஞாயிறு கழியட்டும் என்று நான்காம் நாள்தான் தெரிவித்தேன். 48 மணி நேரம் கடந்துவிட்டதென்று மறுத்துவிட்டார்கள். அந்த வரி என் பாலிசியிலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் *#06# அழுத்தி, போனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்து, பில்லுடன் சேர்த்து வையுங்கள். போன் தொலைந்தால் காவல்துறையில் புகார் கொடுத்து, அதன் நகலுடன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை இலவசமாக முடக்கலாம்.

க்ளெய்ம் நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு அனுப்பலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.