பைத்தான் கிளாஸில் டைப் எரர்: எரர் காட்டும் வரியில் கை வைக்காதீர்கள்

வங்கிக் கணக்குக்கு ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள். இருப்பை இன்புட்டில் வாங்கி ஆப்ஜெக்ட் உருவாக்கும்வரை ஒன்றும் நடக்காது. டெபாசிட் மெத்தடைக் கூப்பிட்டதும் டைப்எரர் வரும்: ஸ்ட்ரிங்கோடு (எழுத்துத் தொடரோடு) ஸ்ட்ரிங்கைத்தான் சேர்க்க முடியும், இன்ட்டை (முழு எண்ணை) முடியாது என்று. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் அந்த வரியிலேயே இருப்பைச் சுற்றி ஒரு இன்ட் போட்டுவிடுகிறார்கள். எரர் போய்விடும். ஆனால் இப்போது டெபாசிட் செய்த கணக்கில் மட்டும் இருப்பு எண்ணாக இருக்கும். டெபாசிட் செய்யாமல் நேராகப் பணம் எடுக்கப் போனால் மறுபடி விழும். இப்படி ஆர்டரைப் பொறுத்து வந்து போகும் பிழையைத் தேடுவது பெரிய தலைவலி.

பைத்தான் 3-இல் இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்தான் தரும். 500 என்று தட்டினாலும் அது மூன்று எழுத்துதான். ஆகவே ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தடுக்குள், மதிப்பை செல்ஃபில் (அந்த ஆப்ஜெக்ட்டில்) வைக்கும் அந்த ஒரே இடத்தில் இன்ட்டாக மாற்றிவிடுங்கள். பாராமீட்டருக்குப் பக்கத்தில் கோலன் போட்டு இன்ட் என்று எழுதினால் மாறாது. அது வெறும் டைப் ஹின்ட், அதாவது வகையைச் சொல்லும் குறிப்பு; அதை ஓடும்போது பைத்தான் சரிபார்ப்பதுகூட இல்லை. இனிட்டைத் தானே எழுதித் தரும் டேட்டாகிளாஸிலும் இதே கதைதான்.

எரர் வந்தால்கூடப் பரவாயில்லை, வராமல் போவதுதான் ஆபத்து. "500" என்ற ஸ்ட்ரிங்கை 3-ஆல் பெருக்கினால் சத்தமில்லாமல் "500500500" வரும். "9", "10" இரண்டும் ஸ்ட்ரிங்காக இருந்தால் "9"தான் பெரிது. "ஃபால்ஸ்" என்ற ஸ்ட்ரிங்கை பூல் (ட்ரூ/ஃபால்ஸ் மதிப்பு) ஆக்கினால் கிடைப்பது ட்ரூ. காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் ட்ரூதான்.

இன்ட்டுக்கும் தனிக் குணம் உண்டு. முன்பின் இடைவெளியைக் கண்டுகொள்ளாது; "1,500", "12.5" இரண்டுக்கும் வேல்யூஎரர், அதாவது இந்த மதிப்பை மாற்ற முடியாது என்ற எரர். தமிழ் எண்ணான "௧௨" கொடுத்துப் பாருங்கள், சமர்த்தாக 12 தரும்! ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ அதற்குப் புரியாது. கமாவை ரிப்ளேஸ் வைத்து நீக்கிவிடலாம். புள்ளிக்காக ஃப்ளோட் (தசம எண்) ஆக்கி, பிறகு இன்ட் ஆக்கினால் 12.9 வெறும் 12 ஆகிவிடும். காசுக் கணக்கென்றால், தசமத்தைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் என்ற வகை நல்லது. அதற்கு ஸ்ட்ரிங்கை அப்படியே கொடுங்கள், ஃப்ளோட் ஆக்கிக் கொடுத்தால் 0.1-க்கே நீளமான வால் முளைக்கும்.

கடைசியாக, இனிட்டுக்குள் எரரைப் பிடிக்கும் ட்ரை-எக்ஸெப்ட் போட்டு, மாறாத மதிப்புக்கெல்லாம் 0 வைத்துவிடாதீர்கள். "1,500" போட்டவரின் கணக்கு காலியாகிவிடும். வேல்யூஎரரை வெளியே விடுங்கள். இன்புட் வாங்கும் இடத்தில் பிடித்து, தொகையை மறுபடி கேட்டால் சரி.