போர்ட் லூயிஸ் பசாரை ஒட்டித் தங்குவோருக்கு

மொரீஷியசுக்கு வரும் தமிழ்ப் பயணிகளில் பெரும்பாலோர் விமான நிலையத்திலிருந்து நேரே கடற்கரை விடுதிக்குப் போய்விட்டு, தலைநகருக்கு ஒரு பகற்பொழுதை மட்டும் ஒதுக்குகிறார்கள். பத்து மணிக்கு மேல் வெயிலோடு வந்து இறங்கி, நெரிசலில் சலித்து, நான்கு மணிக்குத் திரும்பிவிடும் அவர்கள் இந்நகரின் மிக நல்ல நேரத்தைப் பார்ப்பதே இல்லை. போர்ட் லூயிஸ் விடியலில் விழித்து, மாலை ஐந்து மணியளவில் கடையடைக்கும் ஊர். இங்குள்ளோர் ‘பசார்’ என்று அழைக்கும் மத்தியச் சந்தைக்கு நடந்து போகும் தொலைவில் இரண்டு மூன்று இரவுகளாவது தங்கினால்தான் அந்தக் காலைப் பொழுது உங்களுக்குக் கிடைக்கும்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது சந்தையின் அருகாமையைவிடச் சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையே முதலில் கேளுங்கள். தமிழகத்திலிருந்து வந்த என் சித்தப்பா குடும்பத்துக்கு, வசதியாக இருக்குமே என்று சந்தைத் தெருவைப் பார்த்த அறையை நான் ஏற்பாடு செய்தேன். விடியுமுன்பே காய்கறி லாரிகள் வந்து பெட்டிகளை இறக்கத் தொடங்கியதில் அவர்கள் இரண்டு இரவும் சரியாக உறங்கவில்லை. ராயல் தெருவிலிருந்து ஓரிரு தெரு உள்ளே தள்ளி, பின்பக்கம் பார்த்த அறையாக எடுத்துக்கொண்டால் சந்தை ஐந்து, பத்து நிமிட நடைதான், இரைச்சலும் குறைவு. மலைகள் மூன்று பக்கமும் சூழ்ந்திருப்பதால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புழுக்கம் கடுமையாக இருக்கும். அம்மாதங்களில் குளிர்சாதனம் இல்லாத அறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கார் வாடகைக்கு எடுக்கவும் வேண்டாம், நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். 2022 முதல் மெட்ரோ ரயில் கியூர்பிப் வரை ஓடுகிறது. மற்ற ஊர்களுக்குப் பேருந்துகள் நகர மையத்திலிருந்தே கிளம்புகின்றன.

காலை ஆறரை மணிக்கெல்லாம் பசாருக்குள் இருங்கள். விக்டோரியா அரசியின் பெயரெழுத்துகள் பொறித்த இரும்பு வாயிலைக் கடந்து காய்கறிக் கூடத்துக்குள் நுழைந்ததும், தமிழ்க் காதுக்கு மட்டும் வாய்க்கும் ஒரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் கடைக்காரர் கறிவேப்பிலையைக் ‘காரிப்புலே’ என்பார், கொத்தமல்லியைக் ‘கோத்தோமிலி’ என்பார், முருங்கைக் கீரையை ‘பிரெத் முரும்’ என்பார், பீர்க்கங்காயைப் ‘பிபங்காய்’ என்பார். வீட்டில் தமிழ் பேசுவது அருகிப்போன இத்தீவில், நம் சமையலறைச் சொற்கள் எல்லா இனத்தார் வாயிலும் உயிரோடு இருக்கின்றன. எனக்கு இந்த நகரின் எந்த நினைவுச்சின்னத்தைவிடவும் இது பெரிது. விலை கேட்க ‘கோம்பியே?’ என்றால் போதும். ‘லீவ்’ என்று விலை சொன்னால் அது அரைக் கிலோவுக்கு, ‘தெமி லீவ்’ என்றால் கால் கிலோவுக்கு என்று புரிந்துகொள்ளுங்கள். முழுக் கிலோ விலை என்று எண்ணி மகிழ்ந்துவிட வேண்டாம். காய்கறிக்கு யாரும் பெரிதாகப் பேரம் பேசுவதில்லை; மாடியிலுள்ள கைவினைப் பொருள்களுக்குத் தாராளமாகப் பேசலாம். பணத்தாளைக் கொடுக்குமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள், அதில் தமிழ் எழுத்து இருக்கும். 1998இல் வெளியான தாள்களில் தமிழ் இந்திக்குக் கீழே தள்ளப்பட்டபோது இங்குள்ள தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள், அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டன.

காலை உணவை விடுதியில் உண்ணாமல் தெருவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நம் பருப்பு வடையின் உடன்பிறப்பான ‘காத்தோ பிமா’வை ரொட்டிக்குள் வெண்ணெயோடு வைத்துத் தருவார்கள். மதியத்துக்கு தால்பூரி: கடலைப்பருப்புப் பூரணம் வைத்த மெல்லிய பூரி, இரண்டு இரண்டாகவே விற்கப்படும். மிளகாய்த் துவையலைக் குறைவாகப் போடச் சொல்வது நல்லது. பால், சப்ஜா விதை, கடற்பாசி சேர்ந்த ‘அலூதா’வைப் பசாருக்குள்ளேயே நின்று குடிக்கலாம்.

வெயில் ஏறுமுன் ஆப்பிரவாசி காட்டுக்கு நடந்து போங்கள். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து இத்தீவுக்கு வந்தார்கள். 1849இல் எழுப்பப்பட்ட இந்தக் குடியேற்றக் கூடத்தின் எஞ்சிய பகுதியை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவர்கள் ஏறிவந்த பதினாறு கற்படிகளும் அங்கே அப்படியே இருக்கின்றன. அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், ஞாயிறன்று மூடியிருக்கும். ஆனால் நம் கதை அந்தப் படிகளில் தொடங்கவில்லை. அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, 1735இல் பிரெஞ்சு ஆளுநராகப் பொறுப்பேற்ற லா பூர்தொனே இந்தத் துறைமுகத்தைக் கட்டியபோது, புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கைவினைஞர்கள் இங்கே கல் செதுக்கினார்கள், மரம் இழைத்தார்கள். பிளாஸ் தார்ம் சதுக்கத்தில் அவர் சிலை நிற்கிறது. அந்தக் கைவினைஞர்களுக்குச் சிலை இல்லை. பிற்பகலில் ராயல் தெரு வழியாக ஜும்மா பள்ளிவாசல், சீனக் கடைத்தெரு என நடக்கலாம். வெள்ளி நண்பகலில் தொழுகை நேரம் என்பதால் அப்பகுதியில் பல கடைகள் சிறிது நேரம் அடைத்திருக்கும். கோவிலுக்குப் போக விரும்புவோர் நிக்கோலே சாலையிலுள்ள, கைலாசன் கோவில் என்று அழைக்கப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்கு டாக்சியில் செல்வது எளிது.

மாலை ஆறு மணிக்குமேல் பசார்த் தெருக்கள் வெறிச்சோடிவிடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் கைப்பையோடு தனியே சுற்றவும் வேண்டாம். இரவு உணவுக்குக் கடலோரக் கோடான் வளாகத்துக்குப் போய், திரும்பும்போது டாக்சி பிடியுங்கள்.

மழையை மட்டும் எளிதாக எண்ணிவிடாதீர்கள். 2013 மார்ச் 30 அன்று திடீர் வெள்ளத்தில் இந்நகர மையத்தில் பதினொரு பேர் இறந்தார்கள், அவர்களில் சிலர் நெடுஞ்சாலைக்கு அடியிலுள்ள சுரங்க நடைபாதையில் சிக்கியவர்கள். கனமழை கொட்டத் தொடங்கினால் சுரங்கப் பாதைகளையும் கால்வாய் ஓரங்களையும் விட்டு விலகி, அருகிலுள்ள கட்டடத்தின் மாடிக்குப் போய்விடுங்கள். புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு வந்தால் பேருந்துகள் நின்றுவிடும், அறையை விட்டு வெளியேறக் கூடாது. இரண்டாம் நிலையிலேயே தண்ணீரும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறன்று ஊர் திரும்புவதாக இருந்தால், வெனிலாவும் தேயிலையும் வாங்குவதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். ஞாயிறு நண்பகலோடு பசாரின் வாயில் மூடப்படும்.