குடிய விடணும், ஏஏ மீட்டிங் பக்கத்துல எங்க நடக்குதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது

ஏஏன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நினைக்கிறவங்க ஒண்ணா உக்காந்து பேசுற குரூப். அந்த மீட்டிங் தேடுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கங்க. காலைல எழுந்தா கை நடுங்குது, ஒரு கட்டிங் உள்ள போனாதான் நிக்குதுன்னு இருக்குற ஆளா இருந்தா திடீர்னு ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, தினமும் நிறைய குடிச்சவங்க சட்டுனு நிறுத்தினா ரெண்டு மூணு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், இல்லாதது கண்ணுக்கு தெரியலாம், உயிருக்கே ஆபத்தா போகலாம். அதனால மொதல்ல டாக்டர். கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவுன்னு கேட்டுப் போங்க, சென்னைன்னா கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி இருக்கு, அடையாறு பக்கம் டிடிகே ஆஸ்பத்திரி இதுக்குன்னே நடக்குது. உடம்பு தெளிஞ்சதும் மீட்டிங், இல்ல டாக்டர்கிட்ட கேட்டுட்டு ரெண்டையும் சேத்தே பண்ணலாம்.

இப்ப தேடுற விஷயத்துக்கு வருவோம். கூகுள்ல "குடி மறுவாழ்வு"ன்னு போட்டா மேல வர்றது நிறைய காசு வாங்குற சென்டர்களோட விளம்பரம். நல்ல சென்டரும் இருக்கும், ஆனா நீங்க தேடுறது அது இல்ல. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு முழுப் பேர போட்டு கூடவே இந்தியான்னு சேத்து தேடுங்க, அவங்களோட இந்திய சைட்ல மீட்டிங் விவரம், ஹெல்ப்லைன் நம்பர் எல்லாம் இருக்கு. என்னக் கேட்டா லிஸ்ட்ட விட நம்பர்தான் முக்கியம். லிஸ்ட்ல போட்டிருக்குற இடம் மாறியிருக்கும், நேரம் மாறியிருக்கும், மொத நாள் தைரியத்த வரவழச்சுக்கிட்டு கிளம்பிப் போயி கதவு பூட்டியிருந்தா அந்த ஆளு மறுபடி போவாரா? நேரா டாஸ்மாக்தான். அதனால போறதுக்கு முன்னாடி போன் போட்டு இன்னைக்கு மீட்டிங் உண்டா, தமிழ்லயா இங்கிலீஷ்லயா, கேட்டுக்குள்ள எந்தப் பக்கம் ரூம்னு கேட்டுருங்க. போன எடுக்குறவரும் பெரும்பாலும் ஒரு காலத்துல குடிச்சவராதான் இருப்பாரு, கூச்சப்பட ஒண்ணுமில்ல.

நெட் வசதி இல்லாதவங்க, இல்ல யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியாதவங்க 14446க்கு அடிங்க, போதை மறுவாழ்வுக்கான மத்திய அரசு இலவச ஹெல்ப்லைன். மனசு ரொம்ப தாங்கலன்னா 14416, டெலி மானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசுவாங்க. ஆஸ்பத்திரில டிஅடிக்‌ஷன் வார்டுல இருக்குற கவுன்சிலருக்கும் பக்கத்துல எங்க குரூப் நடக்குதுன்னு தெரிஞ்சிருக்கும், கேளுங்க.

மீட்டிங் நிறைய இடத்துல சர்ச் ஹால்லயோ ஸ்கூல் ரூம்லயோ நடக்கும். இதப் பாத்துட்டு மதம் மாத்துவாங்களோன்னு சில பேர் வாசல்லயே திரும்பிடுறாங்க. இடம் கம்மி வாடகைக்கு கிடைக்குது, அவ்ளோதான். கடவுள்னு பேச்சு வரும், உண்மைதான், ஆனா அவங்க சொல்றது "நீங்க எப்படி புரிஞ்சுக்கிறீங்களோ அந்தக் கடவுள்", முருகன வச்சுக்கிறவரும் இருக்காரு, ஒண்ணும் வச்சுக்காதவரும் இருக்காரு.

ஓப்பன் மீட்டிங், க்ளோஸ்டு மீட்டிங்னு ரெண்டு இருக்கு. ஓப்பன்னா யாரும் வரலாம், பொண்டாட்டி, அண்ணன், கூட்டிட்டு வந்த ஃப்ரெண்டு எல்லாரும். க்ளோஸ்டுன்னா குடிப் பிரச்சனை இருக்குறவங்க மட்டும். துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போறதா இருந்தா இத போன்லயே கேட்டுருங்க. பெண்கள் கூச்சப்பட்டா பெண்களுக்கு மட்டும் மீட்டிங் இருக்கான்னும் கேக்கலாம், உள்ளூர்ல இல்லன்னா ஜூம்ல கிடைக்கும்.

உள்ள போனா என்ன நடக்கும்? ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஒருத்தர் பேர மட்டும் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஆரம்பிச்சு தன் கதைய சொல்லுவாரு, நடுவுல யாரும் அட்வைஸ் பண்ண மாட்டாங்க. உங்க முறை வந்தா "இன்னைக்கு கேக்க மட்டும் வந்தேன்"னு சொன்னா போதும். இன்ஷியல், வேலை, ஜாதி எதுவும் யாரும் கேக்க கூடாது. ஃபீஸ் கிடையாது, கடைசில ஒரு பை சுத்தி வரும், இஷ்டம் இருந்தா பத்தோ இருபதோ போடலாம், புதுசா வர்றவங்க போட வேண்டியதில்ல. வெளியாள்கிட்ட டொனேஷன் வாங்க மாட்டாங்க, அது அவங்க கொள்கை. போட்டோ எடுக்காதீங்க. ஒரு குரூப் செட் ஆகலன்னா இதெல்லாம் வேஸ்ட்டுன்னு முடிவு பண்ணாம வேற ஏரியா குரூப்புக்கு போய்ப் பாருங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கிளம்பும்போது ரெண்டு பேரோட போன் நம்பர் வாங்கிட்டு வாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு கால் தானா கடைப் பக்கம் திரும்பும் பாருங்க, அப்ப அவங்களுக்கு போன் அடிக்கறதுக்கு.

வீட்டுக்காரருக்காக தேடுற அக்காங்களுக்கு: அவர இழுத்துட்டுப் போக ஏஏல ஆள் அனுப்ப மாட்டாங்க, நிறுத்தணும்னு அவருக்கு தோணணும். ஆனா உங்களுக்குன்னு அல்-அனான்னு தனி குரூப் இருக்கு, குடிக்கிறவங்களோட குடும்பத்துக்கு, பசங்களுக்கு அலட்டீன்னு ஒண்ணு. அவர் வந்தாலும் வராட்டியும் நீங்க போகலாம். தயவுசெஞ்சு சுவத்துல ஒட்டியிருக்குற "குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க"ங்கற பவுடர் மட்டும் வாங்காதீங்க. அதுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, டைசல்ஃபிரம் மாதிரி, குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காம பண்ற மருந்து இருந்து அவர் அது தெரியாம மேல குடிச்சா வாந்தி, படபடப்பு, பிரஷர் இறங்கி ஐசியூ வரைக்கும் போயிடும். அந்த மருந்த டாக்டர்களும் குடுக்குறாங்கதான், ஆனா அவருக்கு சொல்லி, அவர் சம்மதிச்ச பிறகு.