மாஸ்க் அறிவுரை மாறிக்கொண்டே இருந்தால்: மெடிக்கல் கடையிலிருந்து ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி டவுனில் ஒரு மெடிக்கல் கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். கொரோனா காலத்தில் கவுண்டரில் அதிகம் கேட்ட கேள்வி மாத்திரையைப் பற்றியது இல்லை. "எம்மா, முந்தாநாள் மாஸ்க் வேண்டாம்னான், இன்னைக்குப் போடலன்னா அபராதம்ங்கான். எதத்தான் நம்ப?" என்று ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சத்தமே போட்டார். அடுத்த தொற்று வரும்போது இந்தக் குழப்பமும் கூடவே வரும். மாறும் அறிவுரையை எப்படிப் படிப்பது, முகத்தில் எதை எப்படி மாட்டுவது என்று அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

டாக்டர் எழுதின மருந்துச் சீட்டு கைக்கு வந்தால் நாங்கள் தேதி பார்ப்போம், யாருக்கு என்று பார்ப்போம், எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம். மாமியாருக்கு எழுதின சீட்டுக்கு மருமகள் மாத்திரை சாப்பிட முடியாது. போன வருஷச் சீட்டைக் காட்டி ஆன்டிபயாட்டிக் கேட்டால் கிடையாது. மாஸ்க் பற்றி யார் என்ன சொன்னாலும் இப்படித்தான் படிக்கணும்.

முதலில் தேதி. 2020 தொடக்கத்தில் உலக சுகாதார அமைப்பு சொன்னது: இருமல், காய்ச்சல் உள்ளவரும் அவரைக் கவனிப்பவரும் போட்டால் போதும். பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது மக்களுக்கு அறிவுரை சொல்லும் அரசுத் தலைமை மருத்துவராக இருந்த ஜெரோம் ஆடம்ஸ் "மாஸ்க் வாங்குவதை நிறுத்துங்கள்" என்று ட்விட்டரில் போட்டார். ஏப்ரல் 3 அன்று அதே நாட்டின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி, எல்லோரும் துணி மாஸ்க் போடுங்கள் என்றது. நம் சுகாதார அமைச்சகமும் அந்தச் சமயத்தில்தான் வீட்டில் தைத்த மாஸ்க்கைப் பரிந்துரைத்தது. ஏப்ரல் 15 உள்துறை உத்தரவில் பொது இடங்களில் கட்டாயம் ஆனது. உலக சுகாதார அமைப்பு பொதுமக்களுக்குத் துணி மாஸ்க் என்று சொல்ல ஜூன் 5 ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் நடந்த பாதிச் சண்டை, பிப்ரவரி வீடியோவை ஜூலையில் அனுப்பியதால் வந்தது. ஒரு வீடியோ வந்தால் பேசுகிறவர் டாக்டரா என்று பார்க்கும் முன், அது எந்த மாதத்தில் பேசியது என்று பாருங்கள்.

அடுத்து, ஏன் மாறியது என்று கேளுங்கள். அறிவுரைத் தாளில் இது பெரும்பாலும் இருக்காது, செய்தியில் தேட வேண்டும். 2020-ல் காரணங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஒன்று தட்டுப்பாடு. மார்ச் 13 அன்று மத்திய அரசு மாஸ்க்கை அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. மார்ச் 21-ல் இரண்டடுக்கு மாஸ்க் 8 ரூபாய், மூன்றடுக்கு 10 ரூபாய் என்று உச்ச விலை வந்தது. விலை வந்தது, சரக்கு வரவில்லை. மொத்தக் கடைக்கு போன் அடித்தால் ரிங் போகும், எடுக்க ஆள் இருக்காது. ஆஸ்பத்திரிக்கே இல்லாதபோது ஊருக்கெல்லாம் போடு என்று எந்த அரசும் சொல்லத் தயங்கும்.

இன்னொரு காரணம், கிருமியைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொண்டது. இருமுகிறவரிடமிருந்துதான் பரவும் என்று நினைத்திருந்தார்கள். அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒருவர் பரப்புவார் என்று தெரிந்ததும், "உடம்பு சரியில்லாதவர் மட்டும் போடட்டும்" என்ற பேச்சு அர்த்தமில்லாமல் போயிற்று. காற்றில் பரவுமா என்பதிலும் இழுபறிதான். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார அமைப்பு "இது காற்றில் பரவுவதில்லை" என்று அடித்துச் சொன்னது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, காற்றில் பரவுவதை ஒத்துக்கொள்ளுங்கள் என்று திறந்த கடிதம் எழுதினார்கள். பெரிய எச்சில் துளி என்றால் ஆறடி தள்ளி நின்றால் போதும். காற்றில் மிதக்கிற நுண்துளி என்றால் பூட்டின அறை முழுக்க ஆபத்து, மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கிற இடைவெளியும் ஆபத்து. துணி மாஸ்க்கிலிருந்து, நுண்துகளை வடிகட்டி முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 மாஸ்க்குக்குப் பேச்சு நகர்ந்தது இதனால்தான்.

இங்கே என் அபிப்ராயத்தையும் சொல்லிவிடுகிறேன். "டாக்டர், நர்ஸுக்கு வேண்டும், நீங்கள் வாங்கிக் குவிக்காதீர்கள்" என்று சொன்னது நியாயம். "அது உங்களுக்குப் பயன்படாது" என்று சேர்த்துச் சொன்னது நியாயமில்லை. நர்ஸைக் காப்பாற்றுகிற பொருள் உங்களை மட்டும் எப்படிக் காப்பாற்றாமல் போகும்? வாத்தியாருக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கோபத்தில் மாஸ்க்கையே தூக்கிப் போட்டால் நஷ்டம் நமக்கு.

யாருக்கு, எதற்கு என்பதில்தான் ஜனங்கள் அதிகம் தடுமாறுவார்கள். 2020 ஜூலை 20 அன்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநர் மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வால்வு வைத்த என்95-ஐப் பொதுமக்கள் போட வேண்டாம் என்பது விஷயம். அந்த வால்வு நீங்கள் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே தள்ளும். உங்களுக்குக் காவல், எதிரில் நிற்பவருக்கு இல்லை. கடைக்கு வந்தவர்களோ "என்95-ஏ கூடாதாமே" என்றார்கள். நல்ல என்95-ஐத் திருப்பிக் கொடுக்க வந்தவரும் உண்டு. ஆக, எந்த அறிவுரை வந்தாலும் இது என்னைக் காப்பாற்றவா, என்னிடமிருந்து மற்றவரைக் காப்பாற்றவா என்று கேட்டுப் பாருங்கள்.

எதுவரை என்பதும் முக்கியம். 2021 மே 13 அன்று சிடிசி, இரண்டு ஊசியும் போட்டவர் பெரும்பாலான இடங்களில் மாஸ்க்கைக் கழற்றலாம் என்றது. டெல்டா என்ற உருமாறிய கொரோனா பரவியதும் ஜூலை 27 அன்று, தொற்று அதிகமுள்ள ஊர்களில் உள்ளரங்கில் மறுபடி போடுங்கள் என்றது. நம் தமிழ்நாட்டிலும் 2022 ஏப்ரல் தொடக்கத்தில் கட்டாயம் தளர்ந்தது. அதே மாதம் சென்னை ஐஐடியில் தொற்று கூடியதும் 500 ரூபாய் அபராதம் திரும்பி வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளுக்குள் மட்டும் கட்டாயம் என்றார்கள். மழைக்குக் குடை எடுத்தவர் வெயிலில் மடக்குவதைப் பேச்சு மாறுவது என்று யாரும் சொல்வதில்லை.

ஆராய்ச்சிச் செய்திகளுக்கும் இதே கேள்விகள்தான். 2020-ல் டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், மாஸ்க் போடும்படி சொல்லப்பட்டவர்களில் 1.8 சதவீதம், சொல்லப்படாதவர்களில் 2.1 சதவீதம் பேருக்குத் தொற்று. "பயனில்லை" என்று தலைப்பு போட்டார்கள். அந்த ஆய்வு போட்டவருக்கு என்ன லாபம் என்று மட்டும்தான் பார்த்தது. போடும்படி சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேர்கூட அதை முழுசாகக் கடைப்பிடிக்கவில்லை. வங்கதேசத்தில் கிராமம் கிராமமாக மாஸ்க் கொடுத்துப் பார்த்தார்கள். சரியாகப் போடுகிறவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதம் ஆனார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த ஊர்களில் அறிகுறியுள்ள தொற்று 11 சதவீதம் குறைந்தது, அறுபது தாண்டியவர்களிடம் 35 சதவீதம் குறைந்தது. பாட்டி, தாத்தா இருக்கிற வீட்டுக்கு இந்த ஒரு எண் போதும்.

இனி மாஸ்க்கை எப்படி மாட்டுவது என்று பார்ப்போம்.

சர்ஜிக்கல் மாஸ்க்கில் நிறமுள்ள பக்கம் வெளியே, மூக்குக் கம்பி மேலே, மடிப்புகள் கீழ்நோக்கி இருக்கணும். கம்பியை ஒரே விரலால் நடுவில் கிள்ளினால் கூம்பாகிப் பக்கவாட்டில் காற்று போகும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்திக்கொண்டே போங்கள். கன்னத்துப் பக்கம் இடைவெளி விட்டு நின்றால், காதுவாரை மாஸ்க் ஓரத்தை ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, புடைத்து நிற்கும் ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள். காசில்லாத வேலை, நல்ல பலன்.

என்95 வாங்கினால் அதில் ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர எண்ணும், எஃப்எஃப்பி2 என்ற வடிகட்டும் தரமும் அச்சடித்திருக்கிறதா பாருங்கள். வால்வு வேண்டாம். காதில் மாட்டுவதைவிட தலையைச் சுற்றி இரண்டு வார் போவது இறுக்கமாக உட்காரும்: மேல்வார் உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்வார் காதுக்குக் கீழே பிடரியில். போட்ட பிறகு இரண்டு கையாலும் மூடிப் பலமாக ஊதுங்கள். கண்பக்கம் காற்று அடித்தாலோ கண்ணாடியில் ஆவி படிந்தாலோ சரியாக உட்காரவில்லை. தாடி இருந்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் ஓரம் ஒட்டாது. இதைக் கவுண்டரில் சொன்னால் இளவட்டங்கள் முறைப்பார்கள், வேறு வழியில்லை.

என்95-ஐத் துவைக்கவே கூடாது. அதன் நடு அடுக்கில் உள்ள மின்னூட்டம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பும் சானிடைசரும் பட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும், பார்க்க மட்டும் புதுசு மாதிரி இருக்கும். இரண்டு மூன்று வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாக மாற்றி, போட்டதைக் காகிதக் கவரில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரம் தங்கும். வார் தளர்ந்தால், நனைந்தால், மூச்சு இழுக்கச் சிரமமாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். துணி மாஸ்க்கைத் தினமும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

குழந்தை விஷயத்தில் அறிவுரை அவ்வளவாக ஆடவில்லை. ஐந்து வயது வரை தேவையில்லை என்று உலக சுகாதார அமைப்பும் 2021-ல் நம் மத்திய அரசும் சொன்னன. ஆறிலிருந்து பதினொன்று வரை பெரியவர் பக்கத்தில் இருந்தால் போடலாம். இரண்டு வயதுக்குக் கீழே போடவே கூடாது, மூச்சு முட்டும். கடைக்குக் கைக்குழந்தையோடு வந்து "சின்ன சைஸ் இருக்காக்கா?" என்று கேட்பவர்களுக்கு நான் விற்பதில்லை. அதற்குப் பதில், தூக்கி வைத்திருக்கிற அம்மாவுக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பேன்.