பெரிய சைஸ் துணிக்கடை போடுகிறீர்களா? முதலில் கை அளவைப் பாருங்கள்

கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் பருமனான பெண்களுக்கென்றே துணிக்கடை போட நினைப்பவர்கள் சரக்கு எடுக்கப் போகும்போது இஞ்சு டேப் இல்லாமல் போகாதீர்கள். லேபிளில் 3எக்ஸ்எல் என்று இருப்பதை நம்ப முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மார்புச் சுற்றளவு சரியாக இருந்தாலும் பல குர்த்திகள் பிடிப்பது மேல்கையிலும் அக்குளிலும்தான், ஏனென்றால் உடம்பை மட்டும் அகலமாக வெட்டிவிட்டு கையைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு பீஸை உள்பக்கம் திருப்பி, தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு இஞ்சு இருந்தால் பிரித்துத் தைத்துக் கொடுக்கலாம், தையலை ஒட்டியே வெட்டி ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் இருக்க அடிக்கும் தையல்) அடித்திருந்தால் டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம், நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு பாலியஸ்டர் சரிப்படாது. காட்டன், ரேயான் எடுங்கள், ஆனால் ரேயான் சுருங்கும் என்பதால் ஒன்றைத் துவைத்துப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

ராமேஸ்வரத்தில் கடை என்றால் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தோடு மாற்றுத்துணி தேடுபவர்கள் வருவார்கள், அவர்களுக்குப் பெரிய சைஸ் நைட்டி வாசலிலேயே தொங்கட்டும். கீழக்கரையில் அபாயா, நீளக்கை சுடிதார். ரம்ஜான் சரக்கை நோன்பு தொடங்கும் முன்பே இறக்கிவிடுங்கள்.

உடை மாற்றும் அறையை மட்டும் தாராளமாக விடுங்கள், கையைத் தூக்கினால் சுவரில் இடிக்கக் கூடாது, உட்கார ஆடாத மர ஸ்டூல் ஒன்று (பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம்). உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ஆன்லைனில் இலவசம், அதற்கு யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.