சுரைப்பிஞ்சு ஏன் வெம்பி விழுது? பூ விரியறதுல இருந்து விதை முளைக்கிற வரைக்கும் நாம பண்ற தப்புங்க

மாடித்தோட்டம் வச்சிருக்கவங்க கிட்ட அடிக்கடி கேக்குற புலம்பல் ஒண்ணு இருக்கு. "கொடி நல்லா படருது, பூ கொத்துக் கொத்தா வருது, ஆனா ஒரு காய் கூட நிக்க மாட்டேங்குது, பிஞ்சு மஞ்சளாகி விழுந்துடுது, என்ன உரம் போடலாம்?" உடனே ஒருத்தர் பஞ்சகவ்யாம்பாரு, இன்னொருத்தர் மீன் அமிலம்பாரு, மூணாவது ஆள் வேப்பெண்ணெய் அடிங்கம்பாரு. பூ எத்தனை மணிக்கு விரியுது, அப்ப அங்க பூச்சி ஏதாவது வருதான்னு யாரும் கேக்க மாட்டாங்க. பாதி பிரச்சனை அங்கதான் இருக்கு, உர மூட்டையில இல்ல.

முதல் தப்பு, ஆண் பூவைப் பாத்து பயப்படுறது. சுரை, பூசணி, பீர்க்கன், புடலை, பாகல், வெள்ளரி இதெல்லாம் பொதுவா ஒரே கொடியில ஆண் பூ தனியா பெண் பூ தனியா பூக்கும். முதல்ல வர்றது பெரும்பாலும் ஆண் பூதான், கொஞ்ச நாளைக்கு அது மட்டுமே வந்து பூத்து உதிர்ந்துட்டே இருக்கும், அது நோய் கிடையாது, அதோட வேலை அவ்வளவுதான். பெண் பூவைக் கண்டுபிடிக்கணும்னா பூவோட முதுகுப் பக்கம் பாருங்க, இதழுக்குக் கீழயே குட்டியூண்டு சுரைக்காய் ஒண்ணு பச்சையா, மேல மெல்லிசு முடியோட ஒட்டிட்டு இருக்கும். அதுதான் சூலகம். அதைப் பாத்ததும் "காய் புடிச்சிடுச்சு"ன்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுடுறாங்க, ஆனா அது பூ விரியறதுக்கு முன்னாடியே இருக்குறது, மகரந்தம் வந்து சேரலன்னா சில நாள்லயே நுனியில இருந்து மஞ்சளாகி சுருங்கி விழுந்துடும். பிஞ்சுல ஊசி குத்துன மாதிரி ஒரு புள்ளி, அதுல பிசின் கசிவு, வெட்டுனா உள்ள புழு நெளியுதுன்னா மட்டும் அது பழ ஈ வேலை, அதுக்கு வைத்தியம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இன்னும் சிலர் ஆண் பூ சத்தை உறிஞ்சுதுன்னு எல்லாத்தையும் கிள்ளி எறிஞ்சிடுறாங்க. அப்புறம் பெண் பூவுக்கு மகரந்தம் எங்கிருந்து வரும்? பெண் பூ கம்மியா இருக்குன்னா நுனியைக் கிள்ளி பக்கக் கிளை விட வைங்க, அதான் இப்ப எல்லாரும் சொல்ற 3ஜி கட்டிங். சுரையில பக்கக் கிளையிலதான் பெண் பூ அதிகம் வரும். யூரியாவை அள்ளிக் கொட்டுனா இலையும் கொடியும் ஆண் பூவுமா போயிட்டே இருக்கும்.

அடுத்தது நேரம், இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. பூசணி விடியக்காலையிலயே விரிஞ்சு வெயில் ஏறுறதுக்குள்ள வாடிடும், பாகலும் வெள்ளரியும் காலையிலதான். ஆனா சுரையும் புடலையும் சாயங்காலத்துக்கு மேல, பீர்க்கன் சாயங்காலம் வெயில் தணியறப்ப. காலையில எட்டு மணிக்கு காபியோட மாடிக்குப் போய் சுரைப் பூவுல கைப்பட மகரந்தம் தடவுறேன்னா அது சுருங்கிப் போயிருக்கும், பலன் இருக்காது. சுரைக்கு இருட்டுற நேரத்துல போகணும். அன்னைக்கு விரிஞ்ச ஆண் பூ ஒண்ணைப் பறிச்சு, இதழை உரிச்சுட்டு, நடுவுல இருக்குற மகரந்தத் தண்டை விரல்ல தொட்டா மஞ்சப் பொடி ஒட்டணும், ஒட்டலன்னா அது பழசு, வேற பூ எடுங்க. அந்தத் தண்டை பெண் பூவுக்கு நடுவுல இருக்குற பிசுபிசுப்பான சூல்முடி மேல எல்லாப் பக்கமும் படுற மாதிரி மெதுவா தடவணும், ஒரு ஓரத்துல மட்டும் இழுத்துட்டு வந்துடாதீங்க. அப்படி விட்டா காய் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சூம்பிப் போக வாய்ப்பு இருக்கு, ஏன்னு கீழ சொல்றேன்.

மருந்து அடிக்கிறதும் இதோட சேந்ததுதான். "சாயங்காலம் அடிங்க, தேனீக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு பொதுவா ஒரு வார்த்தை சொல்லிடுறாங்க, பூசணிக்கு அது சரி. சுரைக்கு? அங்க ராத்திரி வர்ற அந்துப்பூச்சிதான் முக்கியமான ஆளு, நீங்க சாயங்காலம் வேப்பெண்ணெய் அடிச்சா சரியா அது வர்ற நேரத்துலதான் அடிக்கிறீங்க. சுரைக்கு காலையில பூ சுருங்குனதுக்கு அப்புறம் இலையில மட்டும் அடிங்க.

தேனீ வந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கிறதும் ஒரு தப்புதான், எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சிங்கிறதும் முக்கியம். மலேசியாவுல நம்ம ஆளுங்க நிறைய பேர் வேலை பாத்த எண்ணெய்ப் பனை எஸ்டேட்டுல ஒரு காலத்துல கூலி ஆள் வச்சு கையாலயே மகரந்தம் போட்டாங்க. 1981ல கேமரூன்ல இருந்து ஒரு சின்ன கூன்வண்டைக் கொண்டு வந்து விட்டப்புறம்தான் அந்த வேலை தேவையில்லாமப் போச்சு. பனை மரம் அதேதான், அதுக்கு வேண்டிய பூச்சிதான் அந்த ஊர்ல இல்ல.

தக்காளி கதை வேற. ஒரே பூவுல ஆண், பெண் ரெண்டு பாகமும் இருக்கு, தனக்குத்தானே சேர்ந்துக்கும், ஆனா பூ அதிரணும், அப்பதான் உள்ள அடைஞ்சிருக்குற பொடி கீழ கொட்டும். தச்சன் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டு உலுக்குற பூச்சிங்கதான் அதுல கெட்டி, சாதா தேனீக்கு அது வராது. காத்தே இல்லாத பால்கனியில வச்சிருந்தா காலையில பூங்கொத்தோட காம்பை விரலால சுண்டி விடுங்க, போதும். சித்திரை வெயில்ல 35 டிகிரிக்கு மேல போயி ராத்திரியும் புழுக்கமா இருக்குறப்ப மகரந்தமே கெட்டுப் போயிடும், பூ கொட்டத்தான் செய்யும், அதுக்குப் போய் உரத்தை ஊத்திச் செடியைக் கொல்லாதீங்க, நிழல் வலை கட்டுங்க.

பள்ளிக்கூடப் பசங்கள்ல இருந்து பெரியவங்க வரைக்கும் பண்ற குழப்பம் இன்னொண்ணு, மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒண்ணுன்னு நினைக்கிறது. பொடி சூல்முடியில விழுந்தா அது சேர்க்கை, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தத் துகள் அங்கயே முளைச்சு மெல்லிசா ஒரு குழாய் விட்டு சூலகத்துக்குள்ள இருக்குற, பின்னாடி விதையாகப் போற சூல் வரைக்கும் இறங்கணும், இறங்கி ரெண்டு ஆண் செல்லைக் கொண்டு போய் விடணும், ஒண்ணு முட்டையோட சேர்ந்து கருவாகும், இன்னொண்ணு நடுவுல இருக்குற செல்லோட சேர்ந்து கருவுக்குச் சாப்பாடாகும். இந்த ரெட்டைக் கருவுறுதலை 1898ல நவாஷின்னு ஒரு ரஷ்யக்காரர் கண்டுபிடிச்சாரு. நாம தினம் திங்கிற அரிசிச் சோறும் குடிக்கிற இளநீரும் அந்த ரெண்டாவது சேர்க்கையில வந்ததுதான்.

இதுல கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியா ஒரு மகரந்தத் துகள் வேணும். நூறு விதை இருக்குற பூசணிக்கு நூறு குழாய் உள்ள இறங்கியிருக்கணும். எந்தப் பக்கம் விதை சரியா பிடிக்கலையோ அந்தப் பக்கம் சதை வளராது, கோணக்காய் வர்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். மக்காச்சோளத்துல இது கண்ணாலயே தெரியும், கதிர் நுனியில தொங்குற ஒவ்வொரு முடியும் உள்ள ஒரு சோள மணிக்குப் போகுது, முடிக்கு மகரந்தம் கிடைக்கலன்னா அந்த இடம் பொக்கை. அது காத்துல பறந்து வர்ற மகரந்தம்கறதால ஒரே வரிசையா நாலு செடி வைக்காம சதுரமா நெருக்கி வைங்க.

"பாகல் பக்கத்துல சுரை வச்சா சுரை கசக்கும்"னு சொல்றதை நம்பாதீங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது. இன்னொரு ரக சுரையோட மகரந்தமே வந்து சேர்ந்தாலும் இந்த வருஷக் காயோட சதை தாய்ச்செடியோட சொந்தச் சதை, ருசி மாறாது, உள்ள இருக்குற விதைதான் கலப்பாகும். இனிப்பு மக்காச்சோளம் மட்டும் விதிவிலக்கு, ஏன்னா அங்க நாம திங்கிறதே விதையைத்தான், பக்கத்துல சாதா மக்காச்சோளம் பூத்தா அந்த வருஷமே இனிப்பு போயிடும். சுரை நிஜமாவே கசந்துச்சுன்னா சமைச்சுப் பாக்கலாம்னு நினைக்காதீங்க, ஜூஸும் போடாதீங்க, அந்தக் கசப்பு விஷம், வேக வச்சாலும் போகாது, தூக்கிக் குப்பையில போடுங்க.

பலா வச்சிருக்கவங்க பிஞ்சு கறுத்துப் பூஞ்சை பிடிச்சு உதிருதுன்னு பதறுவாங்க, அதுல பெரும்பாலும் ஆண் பூக்கதிர்தான், மகரந்தம் விட்டதும் அழுகி விழறது வழக்கம். பப்பாளியில கோ 2 மாதிரி ரகத்துல ஆண் மரம் தனி, பெண் மரம் தனி, காய்க்காத மரம்னு எல்லா ஆணையும் வெட்டிடாம 15, 20 பெண் மரத்துக்கு ஒண்ணு விட்டு வைங்க. நிலக்கடலை வேர்ல காய்க்குதுன்னு இன்னும் நம்புறவங்க இருக்காங்க, மேல மஞ்சப் பூ பூத்துக் கருவுற்றதுக்கு அப்புறம்தான் பூவோட அடியில இருந்து ஒரு விழுது மண்ணுக்குள்ள இறங்கி அங்க காய் பிடிக்கும். அதனாலதான் விழுது இறங்குனப்புறம் களை கொத்துறேன்னு மண்ணைக் கிளறக்கூடாதும்பாங்க.

இனி விதை. சமையலுக்கு வாங்குன பிஞ்சு பீர்க்கங்காயில இருந்து விதை எடுத்துப் போட்டுட்டு முளைக்கலங்கிறதுல அர்த்தமே இல்ல, கரு முழுசா ஆகியிருக்காது. பீர்க்கனும் சுரையும் கொடியிலயே காஞ்சு குலுக்குனா விதை கலகலக்கணும், கத்திரி மஞ்சளாகிப் பழுக்கணும், வெண்டை நெத்தாகணும். தக்காளி விதையைச் சுத்தி இருக்குற வழுவழுப்பு முளைப்பைத் தடுக்குற சமாச்சாரம், அதோட ரெண்டு மூணு நாள் தண்ணியில புளிக்க விட்டுக் கழுவிடுங்க. பாக்கெட்ல எஃப்1னு, அதாவது ரெண்டு ரகத்தைச் சேத்து உண்டாக்குன முதல் தலைமுறைக் கலப்புன்னு போட்டிருந்தா அதுல இருந்து எடுக்குற விதை தாய் மாதிரியே வராது, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசா வரும். நாட்டு ரகமா இருந்தாலும் பக்கத்துல வேற ரகம் இருந்தா விரியப் போற பெண் மொட்டை முன்கூட்டியே நூலால கட்டிடுங்க, ஆண் மொட்டும் ஒண்ணு அதே மாதிரி, விரியற நேரத்துல அவுத்து சேத்துட்டு திரும்பக் கட்டி காம்புல ஒரு கலர் நூல் அடையாளம் வச்சா அந்தக் காய் விதைக்கு.

காய வைக்கிறப்ப உச்சி வெயில்ல மொட்டை மாடி சிமெண்ட்ல கொட்டாதீங்க, நிழல்ல காத்தாட போடுங்க. விதைன்னா உயிர், தூங்கிட்டு இருந்தாலும் மூச்சு விட்டுட்டுதான் இருக்கு, சூடும் ஈரமும் சேர்ந்தா சீக்கிரம் செத்துடும். ஆனா எல்லா விதைக்கும் இந்தக் காய வைக்கிற விதி பொருந்தாது. பலா, மா, கறிவேப்பிலை இதெல்லாம் காஞ்சாலே போச்சு, பழத்துல இருந்து எடுத்த கையோட நட்டுடணும். டப்பாவுல போட்டு அடுத்த ஆடிப்பட்டத்துக்கு வச்சிருந்தேன்னா முளைக்காது.

முளைக்க வேண்டியது தண்ணி, காத்து, சூடு மூணும். நாம தண்ணியை மட்டும் நினைச்சுட்டு ரெண்டு நாள் டம்ளர்ல ஊற வச்சிடுறோம், விதை மூச்சு முட்டி அழுகிடும். ஒரு ராத்திரி போதும். கொத்தமல்லியை லேசா தேய்ச்சு ரெண்டா உடைச்சுப் போடுங்க, முழுசா இருக்குறது காய், உள்ள ரெண்டு விதை. கீரை விதையை மணலோட கலந்து மேலாக்க தூவுனா போதும், மண்ணைப் போட்டுப் புதைச்சா வராது. சுரை, பூசணி மாதிரி பெருசை அரை இஞ்சுல இருந்து ஒரு இஞ்சு ஆழம் வைக்கலாம்.

நாத்து மேல வர்றப்ப விதைத் தோல் ரெண்டு பருப்பிலையையும் கவ்விட்டு தொப்பியா நிக்கும் பாருங்க, அதை நகத்தால பிடுங்கி இலையையே கிழிச்சுடுறவங்க உண்டு. சுரை, பூசணி நாத்துக்கு அடித்தண்டுல ஒரு சின்னக் கொக்கி இருக்கு, மண்ணுக்குள்ள இருக்குறப்பவே அது தோலை அமுக்கிப் பிடிச்சுக்கும், இலை உருவிட்டு மேல வரும். விதை ரொம்ப மேலாக இருந்தாலோ மேல்மண் காஞ்சு போனாலோ அந்தப் பிடி கிடைக்காது. தொப்பியோட வந்துடுச்சுன்னா தண்ணி தெளிச்சு ஊற விடுங்க, ஒரு நாள்ல தானா கழண்டுடும், அடுத்த தடவை விதையைக் கொஞ்சம் கீழ இறக்கி வைங்க.