எம்.எல்.ஏ. நிதி எங்கே போனது? டேப்பும் பத்து ரூபாய் வில்லையும் போதும்

தமிழ்நாட்டில் 234 தொகுதிகளுக்கும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. தொகுதிக்கு ஆண்டுக்கு மூன்று கோடி ரூபாய் என்று 2019-இல் உயர்த்தினார்கள். இந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கே வராது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார், பொறியாளர் மதிப்பீடு போடுவார், ஒப்பந்தக்காரர் கட்டுவார், பில் பாஸாகும். ஆகவே தவறு நடந்தால், அதன் தடம் இந்தக் காகிதங்களில் எங்கோ இருக்கும். அதைத் தேடுவதுதான் நம் வேலை.

படி 1: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

முழுத் தொகுதிக் கணக்கையும் கேட்காதீர்கள். கட்டுக்கட்டாகக் காகிதம் வரும், படிக்க மாட்டீர்கள். தினமும் நடக்கும் தெருவின் சிமென்ட் சாலை போதும். அங்கே பலகை இருந்தால் திட்டத்தின் பெயர், ஆண்டு, தொகை ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தகவல் உரிமை மனு எழுதுங்கள்

நான் முதன்முதலில் எழுதிய மனுவில், "இந்த வேலையில் நடந்த முறைகேடுகளின் விவரம் தருக" என்று கேட்டேன். "அப்படியொரு ஆவணம் அலுவலகத்தில் இல்லை" என்று பதில் வந்தது. பதிலில் பிழையில்லை, கேள்விதான் பிழை. தகவல் உரிமைச் சட்டத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க முடியும். "ஏன்" என்று கேட்டால் பதில் வராது. எனவே இப்படிக் கேளுங்கள்:

- சட்டமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடித நகல்
- நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு ஆகியவற்றின் நகல்
- ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) கொடுத்தவர்கள் பட்டியல், வேலை உத்தரவு
- அளவுப் புத்தகத்தில் இந்த வேலைக்குரிய பக்கங்களின் நகல்

கடைசி வரிதான் உயிர். பொறியாளர்கள் "எம்.புக்" என்று சொல்வது இதைத்தான். கட்டிய நீளம், அகலம், கனம் எல்லாம் இதில் பதிவாகும். பில் தொகை இதைப் பார்த்துத்தான் போடப்படுகிறது.

படி 3: அனுப்புங்கள்

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஆவணம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாட்களுக்குள் மனுவை அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாராவது தொலைபேசியில் விசாரித்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 6(2) அப்படித்தான் சொல்கிறது.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் பல அலுவலகங்களில் கோப்பு "கிடைக்கிறது". சலிக்காதீர்கள்.

படி 4: டேப்பை எடுங்கள்

அளவுப் புத்தகத்தில் நீளம் 100 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 45 கனமீட்டர் கான்கிரீட். தரையில் கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் போட்டது 30 கனமீட்டர். மூன்றில் ஒரு பங்குக்குப் பணம் மட்டும் போயிருக்கிறது. நீளத்திலும் அகலத்திலும் யாரும் அவ்வளவாகக் கை வைப்பதில்லை, நடப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கனம் மண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. மண் ஒதுங்கிய சாலை ஓரத்தில் அளந்து பாருங்கள். சாலையைத் தோண்டிவிடாதீர்கள், வழக்கு உங்கள் மேல் பாயும். வேலையைப் பார்வையிடவும் சான்றளித்த பொருள் மாதிரி பெறவும் அதே சட்டத்தின் பிரிவு 2 உரிமை தருகிறது. அதற்குத் தனி மனு போடுங்கள்.

அதே சாலை ஊராட்சியின் வேறு திட்டக் கணக்கிலும் ஏறியிருக்கிறதா என்று இன்னொரு மனுவில் கேட்பது நல்லது. ஒரு சாலைக்கு இரண்டு பில் என்பது பழைய வித்தை.

படி 5: புகார்

வித்தியாசம் தெரிந்தால் மாவட்ட ஆட்சியருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் எழுதுங்கள். எம்.எல்.ஏ.வைத் திட்டி ஒரு வரிகூட வேண்டாம். அவர் கையெழுத்து இருப்பது பரிந்துரைக் கடிதத்தில் மட்டும்தான். அளவுப் புத்தகப் பக்க எண், அதில் உள்ள அளவு, நீங்கள் அளந்த அளவு, தேதி, டேப் வைத்த படம். அவ்வளவையும் ஒரே பக்கத்தில் அடக்குங்கள்.